தமிழ்நாட்டில் மின்துறை ஒழுங்குமுறை

தமிழ்நாட்டில் மின்துறை ஒழுங்குமுறை என்பது மின்சாரத்தை உற்பத்தி செய்வோர், கொண்டுசெல்வோர், விற்போர் ஆகியோரின் கட்டணத்தையும் கடமைகளையும் சட்டப்படி அமைந்த ஆணையம் ஒன்று வரையறுக்கும் முறையாகும். 1957 முதல் இப்பணிகள் பெரும்பாலும் தமிழ்நாடு மின்சார வாரியத்திடமே இருந்தன.

பின்னணி

ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே மின்கம்பம் நடுவது வீண்செலவு. எனவே கம்பிவழிப் பிணையம் இயல்பாகவே ஒருவர் கையில் அமைகிறது. உற்பத்தியிலும் விற்பனையிலும் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டின் அடிப்படையில் பிரித்தானியா 1990இல் மின்துறையைப் பிரித்துத் தனியார்மயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் முதல் மின்சந்தை நெறிமுறையை வெளியிட்டது. 2007 சூலை முதல் வீட்டு நுகர்வோரும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது.

சட்டமும் அமைப்பும்

இந்தியாவில் 1991இல் மின் உற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999இல் அமைந்தது. மின்சாரச் சட்டம், 2003 அனல்மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கி, பிறருடைய கம்பிவழியே மின்சாரம் பெறும் ‘திறந்த அணுகல்’ உரிமையையும் தந்தது. 2010 நவம்பர் 1 அன்று வாரியம் பிரிக்கப்பட்டு, மின் தொடரமைப்புக்கும் உற்பத்தி, பகிர்மானத்துக்கும் தனித்தனிக் கழகங்கள் உருவாயின. 2024இல் உற்பத்தியும் பகிர்மானமும் மேலும் பிரிக்கப்பட்டன.

தூத்துக்குடி மாவட்டம்

உற்பத்தியில் ஏற்பட்ட மாற்றம் இம்மாவட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட மாநில அரசின் அனல்மின் நிலையம் நிறுவப்பட்டது. அங்கேயே நெய்வேலி நிறுவனமும் மாநிலக் கழகமும் கூட்டாக நடத்தும் 1000 மெகாவாட் நிலையம் உள்ளது. மேலமருதூரில் தனியார் நிலையம் உண்டு. ஆலந்தலைக்குத் தெற்கே, கல்லாமொழிக் கடற்கரையில் மாநில அரசின் உடன்குடித் திட்டம் அமைந்துள்ளது. ஆயினும் ஆலந்தலை மீனவர் வீட்டுக்கு மின்சாரம் விற்பது அரசின் பகிர்மானக் கழகம் மட்டுமே.

தெரிவு யாருக்கு?

திறந்த அணுகல் முதலில் 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படும் நுகர்வோருக்கே உரியதாக இருந்தது. 2022ஆம் ஆண்டு விதிகள் பசுமை மின்சாரத்துக்கு இவ்வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. வீடுகள் இவ்வரம்புக்குள் வருவதில்லை. ஆலைகள் தரும் கூடுதல் கட்டணமே வீட்டுக் கட்டணத்தைத் தாழ்வாக வைக்க உதவுகிறது. இது குறுக்கு மானியம் எனப்படும். ஆலைகள் வெளியே வாங்கத் தொடங்கினால் அந்த வருவாய் குறையும். இதை ஈடுகட்டவே அவற்றிடம் குறுக்கு மானிய மேல்வரி பெறப்படுகிறது.

நுகர்வோர் பாதுகாப்பு

விற்பனையாளரை மாற்ற இயலாத வீட்டு நுகர்வோருக்கு ஆணையமே முதன்மையான காப்பு. கட்டணத்தை நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் ஆட்சேபங்களை அது கருத்தில் கொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 10 அன்று நடப்புக்கு வந்த கட்டண உயர்வுக்கு முன் கோவை, மதுரை, சென்னை நகரங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அரசு இலவச மின்சாரம் அறிவித்தால் அதற்கான மானியத்தை அரசே முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்கிறது சட்டம். மின்தடை, பில் தவறு போன்ற முறையீடுகளை நுகர்வோர் குறைதீர் மன்றத்திலும், தீராவிடில் மின் குறைதீர்ப்பாளரிடமும் அளிக்கலாம்.