மூன்று சக்கரங்கள், மூன்று சட்டங்கள்

புதுதில்லி: தலைநகரின் மெட்ரோ ரயில் நிலைய வாயில்களில் சைக்கிள் ரிக்ஷா, ஆட்டோ, பேட்டரியில் ஓடும் இ-ரிக்ஷா ஆகிய மூன்றும் அருகருகே பயணிகளுக்காகக் காத்து நிற்கின்றன. மூன்றுக்கும் சக்கரங்கள் மூன்று; வேலையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறு. அவற்றில் எத்தனை ஓடலாம் என்பதைப் பயணிகளின் தேவையைவிட, சட்டம் அவற்றுக்கு வகுத்துள்ள வரையறையே தீர்மானிக்கிறது.

சைக்கிள் ரிக்ஷா மோட்டார் வாகனம் அல்ல. எனவே அது மாநகராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நகரில் 99 ஆயிரம் சைக்கிள் ரிக்ஷாக்களே ஓடலாம் என்று மாநகராட்சி விதித்த வரம்பை 2010-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆட்டோவோ, 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் பெற்றாக வேண்டிய வாகனம். தில்லியில் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு 1997-ல் வரம்பு விதித்த உச்ச நீதிமன்றம், 2011-ல் அதை ஒரு லட்சமாக உயர்த்தியது.

இ-ரிக்ஷாவின் கதை வேறு. 250 வாட்டுக்கும் குறைவான திறனும், மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவான வேகமும் கொண்ட பேட்டரி வண்டி மோட்டார் வாகனம் ஆகாது என்பது மத்திய அரசின் விதி. அந்த நிழலில், அதைவிடத் திறன் மிகுந்த வண்டிகள் பதிவோ, காப்பீடோ, ஓட்டுநர் உரிமமோ இன்றித் தெருக்களில் பெருகின. 650 வாட் வரையிலான வண்டிகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்படும். மாநகராட்சியிடம் 100 ரூபாய் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2014 ஜூனில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஆனால் ஜூலை 31-ல் தில்லி உயர் நீதிமன்றம் இ-ரிக்ஷாக்கள் ஓடத் தடை விதித்தது. அன்றாட வருவாயை நம்பியிருந்த ஓட்டுநர்கள் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் ஆயினர்.

வழி திறந்தது மற்றொரு வரையறைதான். 2015 ஜனவரியில் அவசரச் சட்டமும், மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டத் திருத்தமும் வந்தன. 4,000 வாட்டுக்கு மேற்படாத மூன்று சக்கர பேட்டரி வண்டி 'இ-ரிக்ஷா' என்ற தனி வகையாயிற்று. பதிவும் உரிமமும் கட்டாயமாயின. பயணிகள் நால்வருக்கு மேல் ஏற்றக் கூடாது. மாநகராட்சிக்கு அளிப்பதாகச் சொல்லப்பட்ட பொறுப்பு மறைந்துபோயிற்று.

2016 ஆகஸ்டில் மத்திய அரசு இவற்றுக்குப் பர்மிட் தேவையில்லை என அறிவித்தது. குறிப்பிட்ட பகுதிகளிலும் சாலைகளிலும் கட்டுப்பாடு விதிக்கும் உரிமை மட்டும் மாநிலங்களுக்கு விடப்பட்டது.

இதன் விளைவு திட்டமிடுவோருக்கே நன்கு தெரியும். 2025 மே மாதம் தில்லியில் 'தேவி' என்ற சிறிய மின்சாரப் பேருந்துகள் அறிமுகமாயின. அவற்றின் வழித்தடங்களையும் நிறுத்தங்களையும் அரசு வகுக்கலாம். அதே தெருவில் அதே பயணியை ஏற்றிச் செல்லும் இ-ரிக்ஷாவுக்கு, பர்மிட் மூலம் எண்ணிக்கையையோ வழித்தடத்தையோ நிர்ணயிக்க வழியில்லை. எஞ்சியிருப்பது தடை என்ற ஆயுதம் ஒன்றே.

பர்மிட் முறையும் குறையற்றதன்று. ஆட்டோக்களுக்கு விதித்த வரம்பு பர்மிட்டின் விலையை ஏற்றியது. கடன் கொடுப்போரே அதில் பயனடைந்தனர். அந்தச் சுமை இல்லாததால்தான் ஏழை ஓட்டுநரால் இ-ரிக்ஷா வாங்க முடிந்தது.

ஆனால் மெட்ரோவிலிருந்து வீடு வரையிலான கடைசி ஒரு கிலோ மீட்டரைக் கடக்கும் பயணிக்கு ஓட்டுநரின் பிழைப்பும் முக்கியம், நெரிசலற்ற தெருவும் முக்கியம். இரண்டையும் சேர்த்துக் காக்கும் வரையறை ஒன்றை நாடாளுமன்றம் இன்னும் எழுதவில்லை.