ஸ்பேனர் வைக்கும் முன்னால் கேட்க வேண்டியது

"சார், போல்ட் கட் ஆயிடுச்சு" என்று போன் வந்தது. தெர்மோஸ்டாட் மாற்ற சென்னை மந்தைவெளிப் பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். போய்ப் பார்த்தால், பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன போல்ட்டின் தலை மட்டும் மெக்கானிக்கின் உள்ளங்கையில் இருக்கிறது. உடம்பு இன்ஜின் ஹெட்டுக்குள் நிற்கிறது. எண்ணூறு ரூபாய்க் கூலி என்று பேசிய வேலை ஏழாயிரத்தில் முடிந்தது.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவர்மேல் மட்டும் பழி போட முடியாது. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் என்று கடலோரமாக நிற்கும் வண்டிகள் இரவெல்லாம் உப்புக் காற்றைக் குடிக்கின்றன. காலையில் உவர்ப்பான போர் தண்ணீரில் அவற்றைக் கழுவுகிறோம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்த வண்டிகளும் இன்னும் ஓடுகின்றன. ஹெட் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, மரை இடுக்கில் சிமென்ட் மாதிரி இறுகிவிடுகிறது.

இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டக் கூடாது. துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். மறுநாள் லேசாகச் சூடு காட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் என்று அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். அதையும் மீறி உடைந்தால், மிச்சமிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகுவார்கள். அந்தச் சூட்டிலேயே பாதிப் பிடிப்பு விட்டுப்போகும். பெரிய ஆபத்து, உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் என்ற சாமானில்தான் இருக்கிறது. பெயர்தான் ஈஸி. கடினமாக்கிய எஃகு என்பதால் அது உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. பிறகு ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். என் ஏழாயிரத்தில் பெரும்பகுதி அப்படிப் போனதுதான். போல்ட் இறுகியிருக்கிறது என்று தெரிந்ததுமே மெக்கானிக் ஒரு போன் செய்துவிட்டு நிறுத்தியிருந்தால் அத்தனை தூரம் போயிருக்காது.

மரையே போய்விட்டால் ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளை இறக்குவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒழுங்காகப் போட்டால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும்.

மறுபடி மாட்டும்போது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். "கை பக்குவம் போதும் சார்" என்பவரிடம் ஹெட் வேலையை ஒப்படைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்றச் சொல்லுங்கள். எதை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த ஹெட் போல்ட்டை ஒருமுறை கழற்றினால் தூக்கிப்போட வேண்டும் என்பதெல்லாம் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. அதுதான் வெளி மெக்கானிக்குக் கிடைப்பதில்லை. உதிரி பாகங்களையும் தொழில்நுட்பத் தகவலையும் இப்படி வெளியாருக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காகத்தான் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

இனி சட்டம். துருப்பிடித்த போல்ட் உடைந்தது என்பதாலேயே பட்டறை குற்றவாளி ஆகிவிடாது. தன் சொந்த வண்டியாக இருந்தால் ஒரு சாதாரண மனிதர் காட்டும் கவனத்தை உங்கள் வண்டிக்கும் காட்ட வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு. அந்தக் கவனம் இல்லாமல் போனால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: செய்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை வண்டியை விடாமல் வைத்திருக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170). ஆகவே வாசலில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. பில்லின் மேல் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணம் கட்டி வண்டியை எடுங்கள். உடைந்த போல்ட்டையும் கேட்டு வாங்குங்கள், போட்டோவும் எடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. கெடு இரண்டு வருடம்.

இதற்கெல்லாம் போகாமலிருக்க, அடுத்த முறை வண்டி விடும்போது ஜாப் கார்டில் ஒரு வரி எழுதச் சொல்லி மெக்கானிக்கின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்: "போல்ட் இறுகியிருந்தாலோ உடைந்தாலோ, ஓனரிடம் போனில் கேட்காமல் மேற்கொண்டு தொடக் கூடாது."