ஏலக்காய் தரம் பார்க்க எந்த விளக்கு?

ஏலக்காய் வியாபாரத்தில் பச்சை நிறத்துக்குத்தான் விலை. காயின் பருமனுக்குச் சல்லடை இருக்கிறது, லிட்டர் எடைக்குத் தராசு இருக்கிறது. நிறத்தை மட்டும் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். கண்ணோ விளக்கு காட்டுவதைத்தான் பார்க்கும். மின்சார பில் குறையட்டும் என்று பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டுக் கைக்குக் கிடைத்த எல்.இ.டி.யை மாட்டுகிறோம். பில் குறைகிறது, வெளிச்சமும் கூடுகிறது. ஆனால் தரம் பிரிக்கும் அறைக்கு இது பாதிக் கணக்குதான்.

நாமே ஒரு முறை பட்ட பாடு இது. மாலை ஆறரை மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நல்ல பச்சை என்று ஐந்து மூட்டை எடுத்து வைத்தோம். மறுநாள் காலை வாசலில் பிரித்தால் மூன்று மூட்டைகளில் மஞ்சள் காய் கலந்திருக்கிறது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் அதே விளக்கின் கீழ்தான் பார்த்திருந்தார். விலை வித்தியாசத்தை நாம்தான் தாங்கினோம்.

பகலிலேயே பார்த்தால் போயிற்று என்பீர்கள். போடிக்கு மேற்கே மலை நிற்பதால் வெயில் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. மலையிலிருந்து சரக்கு நிறைய இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை மூட்டம் வேறு. ஆகவே விளக்கில்லாமல் ஆகாது.

ஓவியர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஐரோப்பிய ஓவியர்கள் வடக்கு ஜன்னல் உள்ள அறையைத் தேடிப் பிடித்தார்கள். அங்கே நேர் வெயில் விழாது, வானத்தின் ஒளி மட்டும் சீராக வரும். நமக்கும் வடக்கு ஜன்னல் நல்லதுதான். ஆனால் போடி இருப்பது ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடபுறமாகச் செல்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் அடிக்கும். மேலே ஒரு சரிவுத் தகடு போட்டுக்கொள்வது உசிதம்.

இனி விளக்குக்கு வருவோம். பெட்டியில் 6500 கெல்வின், 'கூல் டேலைட்' என்று போட்டிருந்தால் அது பகல் வெளிச்சம் என்று நினைத்துவிடுகிறோம். அந்த எண், வெளிச்சம் மஞ்சளாகத் தெரியுமா வெண்மையாகத் தெரியுமா என்பதை மட்டுமே சொல்லும். பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டுமா என்பதைச் சொல்வது சி.ஆர்.ஐ. என்ற வேறொரு எண். நல்ல பகல் வெளிச்சத்துக்கு அது 100. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்.இ.டி. 80 அளவில் இருக்கும். பழைய மலிவு ரக டியூப் லைட்டுகளில் 60, 70தான். தரம் பிரிக்கும் மேசைக்கு 90-க்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். சிவப்பைக் காட்டும் திறனை 'ஆர்-9' என்று தனியாகக் குறிப்பார்கள், அதையும் விசாரியுங்கள். ஏலக்காய்க்குச் சிவப்பு எதற்கு என்று தோன்றும். இலைப்பேன் கடித்த சொறியும் பழுப்புக் காயும் கண்ணில் படுவதற்குச் சிவப்பு ஒளி வேண்டும். அது குறைந்த விளக்கின் கீழ் பழுப்பு மங்கிப் பச்சையோடு கலந்துவிடும். குண்டு பல்போ நேர் எதிர். எல்லாவற்றையும் மஞ்சளாக்கி நல்ல காயையும் கெடுத்துக் காட்டும்.

சி.ஆர்.ஐ. கூடினால் அதே வாட்டுக்கு வெளிச்சம் சற்றுக் குறையும், விலையும் கூடும். இருந்தாலும் மிச்சம் நமக்கே. 36 வாட் டியூப் லைட் பழைய சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 48 வாட் இழுக்கும். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். பத்து விளக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 2.8 யூனிட் மிச்சம். 300 நாளைக்கு 840 யூனிட். உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். கிடங்கு, வாசல், படிக்கட்டுக்கெல்லாம் 80 சி.ஆர்.ஐ. தாராளம், மேசைக்கு மேல் மட்டும் செலவு செய்யுங்கள். பி.ஐ.எஸ். முத்திரை இல்லாததைத் தொட வேண்டாம். எரியும் விளக்கைச் செல்போன் கேமராவில் பார்த்து, பட்டை பட்டையாகத் துடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களின் கண்ணுக்கு ஆகாது.

விளக்கு சரியாக இருந்தும் ஏமாறுவதுண்டு. கூரையில் பச்சை, நீல பைபர் ஷீட் போட்ட செட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே வெளுத்த காயும் பச்சையாகத்தான் தெரியும்! சுவரில் பச்சை டிஸ்டெம்பர் அடித்தாலும் அப்படியே. ஷீட் நிறமற்றதாகவும், சுவர் வெள்ளையாகவும், மேசை விரிப்பு வெளிர் சாம்பல் நிறமாகவும் இருக்கட்டும்.

இன்னொன்று. சாயம் ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் அப்படிப்பட்ட சரக்கு தலைகாட்டுவதுண்டு. சாயப் பச்சையும் இயற்கைப் பச்சையும் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரிந்து, வேறு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு பிடி காயை விளக்கின் கீழும், காலை பத்து மணி அளவில் வெளியே நிழலிலும் வைத்துப் பாருங்கள். புது விளக்கு வாங்கும்போதும் இதே சோதனைதான்: மூன்று தரத்துக் காய், இரண்டு இடத்தில். விளக்கின் கீழ் மூன்றும் பிரிந்து தெரியாவிட்டால் அந்த விளக்கு நமக்கு வேண்டாம். சாம்பிளைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் ஏலம் கேட்கும் நமக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிதல்ல.

மளிகைக் கடை அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல விளக்கு போட்டாயிற்று என்று ஏலக்காயைக் கண்ணாடி பாட்டிலில் விளக்கின் அடியிலேயே வைத்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும். மொத்த வியாபாரிகள் கறுப்புப் பாலிதீன் உள்ளுறை போட்ட சாக்கில் கட்டுவது அதற்காகத்தான். பாட்டிலில் அன்றைய விற்பனைக்கு வேண்டியதை மட்டும் கொட்டி, மிச்சத்தை இருட்டில் வையுங்கள்.