காருக்கு பைபர்கிளாஸ் கூரை: உங்கள் கம்ப்யூட்டரில் அளவெடுக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் பாட்டு, படம், கேம்ஸ் என்று ஓடிவிடும். அதற்குப் பிறகு, "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, வீட்டு வேலை எதற்காவது பயன்படுமா?" என்ற கேள்வி வரும். இந்த மாதம் அப்படி ஒரு வேலையைப் பார்ப்போம். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று முதலில் தோன்றலாம். பொறுமையாகப் படியுங்கள்.

கும்பகோணத்தில் உள்ள என் மைத்துனர் ஒரு கார் வைத்திருக்கிறார். 1960களில் வந்த ஏசி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் கட்டிய நகல் வண்டி. இரண்டு இருக்கைகள், மேலே கூரை கிடையாது. அசல் கோப்ராவின் உடம்பு அலுமினியம். நகல் செய்பவர்களில் பெரும்பாலோர் பைபர்கிளாஸில் செய்கிறார்கள். இவருடையதும் அப்படித்தான். கோடையில் ஊரே திரும்பிப் பார்க்கும். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் வண்டி தார்ப்பாயின் கீழ் போய்விடும். எனவே மழைக்காலத்தில் மாட்டி, கோடையில் கழற்றி வைக்கும்படி பைபர்கிளாஸில் ஒரு கூரை செய்ய முடிவு செய்தார்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் 1953ல் வந்த செவர்லே கார்வெட் காருக்கு பைபர்கிளாஸ் உடம்பு. அந்த ஆண்டு 300 கார்களே தயாராயின. முதலில் துணிக் கூரைதான். கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை 1956 மாடலில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. நம் பக்கத்தில் பெங்களூருவின் சிபானி நிறுவனம் 1980களில் விற்ற டால்பின் காரின் உடம்பும் பைபர்கிளாஸ்தான். அதைவிட அருகில் பார்க்க வேண்டுமானால் நாகப்பட்டினம் போங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரங்களையும் படகுகளையும் இழந்த மீனவர்களுக்கு ஏராளமாக வழங்கப்பட்டவை பைபர் படகுகள். அந்தப் படகுக்குப் பயன்படும் அதே மேட், அதே ரெசின்தான் கார் கூரைக்கும். கை பழகிய ஆள் வேண்டுமென்றால் கார் பட்டறையைவிடப் படகு கட்டும் இடத்தில் விசாரிப்பது நல்லது என்பது என் கருத்து.

வேலை எப்படி நடக்கிறது? சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மெழுகில் உருவம். அதன் மேல் மண் பூசினால் அச்சு. பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுகிறார்கள். பைபர்கிளாஸிலும் இதே மூன்று படிகள்தான். முதலில் பிளைவுட் சட்டங்களை நிறுத்தி, மேலே பிளாஸ்டர் பூசித் தேய்த்து, கூரையின் டம்மி ஒன்று செய்ய வேண்டும். அதன் மேல் மெழுகு பூசி, பைபர்கிளாஸ் போட்டு எடுத்தால் மோல்டு. அந்த மோல்டின் உள்ளே மீண்டும் பைபர்கிளாஸ் போட்டு எடுத்தால் கூரை. சிலைக்கு மண் அச்சை உடைத்துவிடுவார்கள். இங்கே மோல்டு அப்படியே இருக்கும், இன்னொரு கூரை வேண்டுமென்றாலும் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். டம்மிக்குள் நிற்கும் பிளைவுட் சட்டங்கள் சரியான வளைவில் இருந்தால்தான் கூரை காரில் உட்காரும். இந்த வளைவுகளை வரைய இன்க்ஸ்கேப் என்ற இலவச புரோகிராம் போதும். காரை நேர் பக்கவாட்டில், எட்டு பத்து மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பித் தெரியும். காரின் மேல் ஒரு மீட்டர் அளவுகோலைச் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டு எடுப்பது முக்கியம். பைல் மெனுவில் டாகுமென்ட் பிராப்பர்ட்டீஸ் சென்று அளவை மில்லிமீட்டராக மாற்றுங்கள். பிறகு படத்தைக் கொண்டுவந்து, அளவுகோல் சரியாக 1000 மில்லிமீட்டர் காட்டும் வரை படத்தைப் பெரிதாக்குங்கள். அதன் மேல் கூரையின் கோட்டை வரையலாம். படம் வடிவத்திற்கு மட்டும்தான். முன் கண்ணாடியின் மேல் விளிம்பு, பின்பக்கம் கூரை உட்காரும் இடம் ஆகியவற்றின் நீளத்தை டேப் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

குறுக்குச் சட்டங்களுக்குப் பாதியை வரைந்து, ஆப்ஜெக்ட் மெனுவில் பிளிப் ஹாரிசான்டல் கொடுத்தால் மறுபாதி கிடைக்கும். வேலை பாதியாகக் குறையும். ஆனால் கையால் கட்டிய நகல் வண்டிகளில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மைத்துனரின் காரில் இரு பக்கத்துக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். மேலே பூசும் பிளாஸ்டர் 10 மில்லிமீட்டர் என்றால், சட்டத்தின் கோட்டை அத்தனை உள்ளே தள்ளி வரைய வேண்டும். காருக்கும் கூரைக்கும் நடுவில் வரும் ரப்பர் பீடிங்குக்கும் இடம் விட வேண்டும். அதை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அமுக்கிய நிலையில் எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போதுதான் எங்களுக்குத் தவறு நடந்தது. சட்டங்களை ஏ4 தாள்களில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினோம். பிரிண்ட் டயலாக் பாக்ஸில் "பிட் டு பேஜ்" என்பது டிக் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரிண்டர் ஒவ்வொரு தாளையும் 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. தாளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் 1200 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய முன் விளிம்பு 1164 ஆகிவிட்டது. மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறைவு! டம்மி முடிந்து, மோல்டும் முடிந்து, காரின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மைத்துனர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காதான் பேசினார்.

இதைத் தவிர்க்க, வரைபடத்தை பிடிஎப் பைலாக சேவ் செய்து, அடோப் ரீடரில் திறந்து, பிரிண்ட் கொடுக்கும்போது "போஸ்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டைல் ஸ்கேல் 100 சதவீதமாக இருக்கட்டும். கட் மார்க்ஸ், லேபிள்ஸ் இரண்டையும் டிக் செய்தால் எந்தத் தாள் எங்கே ஒட்ட வேண்டும் என்பது தாளிலேயே அச்சாகும். படத்தின் மூலையில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைந்து வையுங்கள். முதல் தாள் வந்தவுடன் ஸ்கேல் வைத்து அந்தக் கோட்டை அளந்த பிறகே மற்ற தாள்களை எடுக்க வேண்டும்.

அடுத்தது எக்ஸெல். கூரையின் பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு. பரப்பை ஒரு செல்லிலும் அடுக்குகளை அடுத்த செல்லிலும் டைப் செய்து, இரண்டையும் பெருக்கி 0.45ஆல் பெருக்கினால் 2.97 கிலோ மேட். வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 3.3 கிலோ. ரெசின் மேட்டைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 8.2 கிலோ. வெளியே தெரியும் வழவழப்பான ஜெல்கோட் தனி. இப்போது இதே கணக்கை மோல்டுக்கும் போடுங்கள். மோல்டு வளையாமல் நிற்கக் கூரையைப் போல் இரு மடங்கு தடிமன் வேண்டும். ஆறு அடுக்கு என்று மாற்றிய உடனே ரெசின் 16 கிலோவைத் தாண்டுவதைப் பார்ப்பீர்கள்! மோல்டுக்கு ஆகும் செலவை யாரும் முதலில் நினைப்பதில்லை. ஒரே ஒரு கூரை போதும் என்பவர்கள் மோல்டு இல்லாமல் டம்மியின் மேலேயே கூரையைப் போடலாம். பணம் மிச்சம். ஆனால் வெளிப்பக்கம் முழுவதையும் பட்டி போட்டு நாள் கணக்கில் தேய்க்க வேண்டும்.

ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட், எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். அரை கிலோ ரெசினுக்கு 5 முதல் 10 கிராம். சித்திரை வெயிலில் குறைந்த அளவே போதும், கூட்டினால் டப்பாவிலேயே இறுகிப் புகையும். மழை நாளில் வேலை வேண்டாம். ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் சரியாக இறுகாது. எனவே ஐப்பசிக்கான கூரையை ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். டம்மியில் தெர்மாகோல் வைப்பவர்கள் கவனிக்கவும். இந்த ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கடையில் கேட்டலிஸ்டோடு கோபால்ட் ஆக்சிலரேட்டர் என்ற ஊதா நிறத் திரவமும் கொடுப்பார்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கையுறை, கண்ணாடி, முகமூடி அவசியம். காற்றோட்டமான கொட்டகையில் செய்யுங்கள். அருகில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

சாலையில் ஓட்டும் வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. கழற்றி மாட்டும் கூரைதானே என்று இருந்துவிடாமல், ரெசின் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பைபர் கூரை மழையையும் வெயிலையும்தான் தடுக்கும். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்காது.

மைத்துனர் இரண்டாவது டம்மியைத் தை மாதம் தொடங்கினார். இந்த முறை பிரிண்ட் எடுத்த தாள்களை ஒட்டியதும் முதலில் காரின் மேலேயே விரித்துப் பார்த்தார். முன் விளிம்பு கண்ணாடிச் சட்டத்தோடு பொருந்தியது. பழைய மோல்டு கொல்லையில் கிடக்கிறது. அக்கா அதில் கோழிக்குஞ்சுகளை அடைக்கிறார்.