ஏழு வீட்டுத் தேத்தண்ணி

எங்கள் அலுவலகப் படிவத்தில் ‘உறவினர்’ என்றொரு கட்டம் உண்டு. தர்மபுரத்து அக்கா அதில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.) கணவரை 2009இல் இழந்து, மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர். நான் மடுல்சீமையில் பிறந்தவள் என்று தெரிந்த பிறகுதான் மிச்சக் கதை வெளியே வந்தது. அவரும் மடுல்சீமைப் பிள்ளையாம்.

1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின் மலையக மக்கள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். ஏழு வயது அக்காவைப் பெரியப்பா குடும்பத்தோடு அனுப்பிவிட்டு, அம்மாவும் தங்கச்சியும் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். சமாதான காலத்தில், 2003இல், ஒருமுறை வந்து பார்த்திருக்கிறார். அதன் பின் இல்லை.

“போர் முடிந்த பிறகாவது போயிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“வெறுங்கையோட எப்பிடிப் பிள்ளை போறது?”

இந்தப் பதிலை வன்னியில் எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறேன்!

ஆகஸ்ட் விடுமுறையில் இருவரும் புறப்பட்டோம். அக்காவின் பையில் பனங்கட்டியும் ஒடியலும். பதுளையில் ஏறிய பஸ் பசறை தாண்டி மலையேறியபோது காற்று முகத்தில் அறைந்தது. ஊவாவில் இது காய்ச்சல் காலம். தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இங்கே வெறுங்காற்றாய் இறங்கும். கொழுந்து குறையும், ஆனால் ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் இந்த மாதங்களில்தான். விலை கூடினால் கொழுந்து பறிப்பவளுக்கு என்ன? கிலோ குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான்.

தங்கச்சி வீட்டில் இல்லை. “மலைக்குப் போயிருச்சு. அக்கா வருது, லீவு போடுன்னு சொன்னோம். மாட்டேன்னுருச்சு” என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். அக்காவின் முகம் வாடிவிட்டது.

சும்மா உட்காரவிடுவார்களா? எங்கள் அம்மாயி வந்து இழுத்துக்கொண்டு போனார். மேல் லயம், கீழ் லயம், ஏழு வீடு, ஏழு தேத்தண்ணி. எட்டாவது வீட்டில் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அக்கா “ஓம்” என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒடியலைக் கடித்த பையன் ஒருவன் “மரக்கட்டையா அத்தே?” என்று கேட்டான். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த பெண் ஒருத்தி, வன்னியில் வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டு, “அப்ப குவைத் பரவாயில்ல” என்றாள்.

ஒரு வீட்டில் பெரியபிள்ளையான சிறுமிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மெல்ல இஸ்தோப்புக்கு ஒதுங்கினார். ஏன் ஒதுங்கினார் என்று இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அம்மாயி விடவில்லை. அவரும் தாத்தாவை இழந்தவர்தான். “இங்க எல்லாரும் தாலியோடயா நிக்கிறோம்? வந்து ஊத்து” என்று செம்பைக் கையில் கொடுத்தார். அக்கா ஊற்றினார். கை நடுங்கியது.

மாலையில், படங்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே தங்கச்சி வந்து நின்றார்.

“அம்மா செத்ததுக்கு வரலையே.”

“பாதை பூட்டு. 2006 ஆகஸ்டில பூட்டினது. சேதி கிடைச்சதே மூணு மாசம் கழிச்சு.”

“அது எங்களுக்கு யாரு சொன்னா? நீ வேணாம்னு இருந்துட்டேன்னு நெனச்சோம். அம்மாவும் அப்படி நெனச்சுத்தான் போச்சு.”

இதற்கு அக்காவிடம் பதில் இல்லை. எனக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சமூகவியலில் உறவுமுறையைக் கோடு போட்டு வரைந்து படித்தவள்தான் நானும்.

தங்கச்சிதான் முதலில் நடந்தார். தேயிலைக்கு நடுவே, பெயர்ப்பலகை இல்லாத மேடு. தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி. அக்கா மடியிலிருந்த கடைசிப் பனங்கட்டியை உடைத்து அங்கே வைத்தார். “அம்மாவுக்குப் பல்லே இல்ல, இத எப்படித் திங்கும்?” என்றார் தங்கச்சி. இருவரும் சிரித்து, சிரிப்பிலேயே அழுதார்கள்.

இருட்டும் வேளையில் பீலிக்குப் போகும் வழியில் தங்கச்சி என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, கங்காணி வீடு ஒங்க பக்கம்தானே? நாளைக்கு நான் பெரட்டுக்கு வரலன்னு சொல்லிருங்க.”