சிலிண்டருக்கு ஏன் மூலையே இல்லை?

குழந்தைகளே, கரும்பு அரைக்கும் சர்க்கரை ஆலையைப் பார்த்திருக்கிறீர்களா? அத்தகைய ஆலைகளை ஓட்டும் நீராவி, பெரிய கொதிகலனில் உண்டாகிறது. அதுபோல ஓர் அழுத்தக் கலன் உங்கள் சமையலறையிலும் உண்டு: 14.2 கிலோ எரிவாயு அடைத்த சிவப்புச் சிலிண்டர்.

உள்ளே இருக்கும் வாயு எல்லாப் பக்கமும் தள்ளும். கலனைப் பெட்டிபோலச் செய்தால் தட்டைச் சுவர்கள் புடைக்கும். மூலைகளில் விசை குவிந்து, அங்கேதான் முதலில் கிழியும். உருளையில் இழுப்பு சுற்றிலும் சீராகப் பரவும்.

சிலிண்டரின் இடுப்பைச் சுற்றி ஒரு வெல்டிங் கோடு தெரியும். மேலிருந்து கீழாக ஒன்றும் இருக்காது. ஏன்? உருளையை நெடுக்காகப் பிளக்கப் பார்க்கும் இழுப்பு, குறுக்காக இரண்டாக்கப் பார்க்கும் இழுப்பைவிட இரு மடங்கு. அதனால் எஃகுத் தகட்டை இரண்டு கிண்ணங்களாக அழுத்தி எடுத்து, வாயோடு வாய் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். இணைப்பின் மேல் பாதி இழுப்புதான் விழும்.

பிறகு நீரால் நிரப்பி, கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். காற்றை அழுத்தினால் அது சுருங்கி ஆற்றலைச் சேர்த்துவைக்கும்; கலன் உடைந்தால் சிதறும். நீர் அவ்வளவு சுருங்காது. விரிசல் விட்டால் நீர் கசிந்து, அழுத்தம் சட்டென இறங்கிவிடும்.

1905இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் காலணி ஆலைக் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அத்தகைய விபத்துகளே கண்டிப்பான விதிகளைக் கொண்டுவந்தன. இந்தியாவில் 1923இல் கொதிகலன் சட்டம் வந்தது.

கலனைத் தூக்குவதும் ஓர் அறிவியல். திருச்சி பெல் ஆலையில் மின்நிலையங்களுக்கான கொதிகலன்கள் உருவாகின்றன. அவற்றின் பெரிய நீராவி டிரம்கள் 100 டன்னையும் தாண்டும். கிரேனின் கொக்கி கலனின் எடை மையத்துக்கு நேர் மேலே வர வேண்டும். கயிற்றின் சாய்வும் முக்கியம். வாளியில் பாதி நீர் ஊற்றி, கைப்பிடியில் கயிற்றை நுழைத்து, இருவராகத் தூக்கிப் பாருங்கள். அருகருகே நின்றால் ஆளுக்குப் பாதி எடை. விலக விலக இழுப்பு கூடும். கயிறு தரையோடு 30 பாகை சாய்ந்தால், ஒவ்வொருவரும் முழு எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும்! அதனால் பொறியாளர்கள் எங்கே பிடித்து, எந்தக் கோணத்தில் தூக்குவது என்பதை வரைபடத்திலேயே முடிவுசெய்கிறார்கள். கலனைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி நிறுத்திச் சரிபார்ப்பார்கள். அடியில் யாரும் நிற்கக் கூடாது.

வீட்டுச் சிலிண்டரின் மேல்வளையம் தூக்குவதற்கும் வால்வைக் காப்பதற்கும் உள்ளது. அதைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அடுத்த சோதனைக்கான கெடு அது. புதுச் சிலிண்டர் வந்ததும் பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். கெடு கடந்திருந்தால், கொண்டுவந்த அண்ணனிடம் வேறு கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.