விமானத்தில் ஒடுக்கு விழுந்தால்?

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்!

இது கதை அல்ல. அமெரிக்காவில் பலர், கார் நிறுத்தும் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டுகிறார்கள். இவர்களுக்காக 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் அந்தச் சங்கத்தின் விமானத் திருவிழா நடக்கிறது.

இந்த விமானங்களில் பலவற்றுக்கு மேல்தோல் அலுமினியத் தகடுதான். பல இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ரிவெட் ஆணி அடிக்கும்போது கை சற்றுத் தவறினால் போதும், ஒடுக்கு விழுந்துவிடும்.

பித்தளைக் குடம் என்றால் தட்டி ஒடுக்கு எடுத்துவிடலாம். விமானத்தை அப்படித் தட்டலாமா?

கூடாது!

ஏன் கூடாது?

இது சாதாரண அலுமினியம் அல்ல. செம்பும் மக்னீசியமும் சிறிது கலந்தது. இந்த வகை உலோகத்தை 1906-ல் ஜெர்மனியில் ஆல்பிரெட் வில்ம் கண்டுபிடித்தார். எடை குறைவு, பலம் அதிகம்.

ஆனால் தட்டத் தட்டத் தகடு விரியும். விரிந்த தகடு, டப்பா மூடிபோல் 'டொக் டொக்' என்று உள்ளும் வெளியும் குதிக்கும். நாளடைவில் விரிசல் காணும். நெருப்பில் காட்டினாலோ பலமே போய்விடும்!

என்ன செய்வது?

முதலில் நன்றாகப் பார்க்கவேண்டும். விரிசல் உண்டா? கூரிய மடிப்பு உண்டா? உள்ளே இருக்கும் சட்டம் வளைந்திருக்கிறதா?

எதுவும் இல்லை, ஒடுக்கும் ஆழமில்லை என்றால் அப்படியே விடலாம். பார்க்க அழகாக இல்லையே என்றால், எடை குறைந்த பூச்சு மாவை அப்பித் தேய்த்து, வண்ணம் பூசலாம்.

சுக்கான் போன்ற அசையும் பாகங்களில் மட்டும் எச்சரிக்கை! அங்கே மாவின் எடை கூடினால், வேகத்தில் அந்தப் பாகம் படபடவென்று அடித்துக்கொள்ளும். விமானமே உடையலாம்.

விரிசல் இருந்தால், அதன் நுனியில் சிறு துளை போடுவார்கள். விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு அதே வகைத் தகட்டை ஒட்டு வைத்து ஆணி அடிப்பார்கள். சேதம் பெரிது என்றால் தகட்டையே மாற்றவேண்டியதுதான்.

சிறு விரிசல்தானே என்று இருக்கக்கூடாது. 1954-ல் 'காமெட்' ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் நொறுங்கின. 56 பேர் இறந்தார்கள். தகட்டில் வளர்ந்த விரிசல்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

அமெரிக்காவில் சட்டமும் கடுமை. வீட்டில் கட்டிய விமானத்தை முதலில் பல மணி நேரம் பறந்து சோதிக்கவேண்டும். அது முடியும்வரை குடும்பத்தாரை ஏற்றக்கூடாது.

பிறகு ஏறப்போவது மனைவி மக்கள் அல்லவா? ஒடுக்கைப் பார்த்ததும் சுத்தியலைத் தூக்காமல், கண்ணால் பார்த்து, விரலால் தடவி, யோசித்துச் செய்வதே நல்லது.